சோற்றுக்குக் கூப்பிட்ட பேய்

பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போகும் பஸ்ஸில் வலது பக்கம் உட்கார்ந்தவர்கள் அந்தப் போஸ்டரைப் பார்த்திருப்பார்கள். நுரைச்சோலையைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் போனால் களப்புப் பக்கமாக ஒரு கேளிக்கைப் பூங்கா. அதன் வாசலில் ஒரு தென்னையின் உயரத்துக்கு நிற்கிறது அந்தப் படம். கறுப்பு அபாயா உடுத்த ஒரு பெண். முகம் மூடியிருக்கிறது. கண்கள் இரண்டும் சிவப்பு. விரல்களில் நீளமான வளைந்த நகங்கள். கீழே மூன்று மொழியிலும் 'கறுப்பு மாளிகை, துணிந்தவர்கள் மட்டும் வரவும்' என்று எழுதியிருக்கிறது.

அதைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. கழற்றச் சொல்லி நான் கேட்காத ஆள் இல்லை. பூங்காக்காரர்களிடம் கேட்டேன், ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டேன், எங்கள் பங்குச் சாமியாரிடமும் போய்ச் சொன்னேன். "அது சும்மா விளையாட்டுத்தானே, பிள்ளை" என்பதுதான் எல்லோருடைய பதிலும். விளையாட்டாம். யாரை வைத்து விளையாட்டு என்று கேட்டால் எல்லோருக்கும் வேறு வேலை வந்துவிடுகிறது. அதனால் அந்தப் படத்தில் இருப்பது யார் என்று நானே சொல்லிவிடுகிறேன். அவர் பெயர் சுல்பா.

நான் மெரினா. கண்டக்குழியில் மீன்பிடிக் குடும்பம். அந்தப் பூங்காவின் பேய் வீட்டு வாசலில் டிக்கெட் கிழிப்பது என் வேலையாக இருந்தது. உள்ளே பேயாக இருப்பது சுல்பா தாத்தாவின் வேலை. எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவைத்தான் தாத்தா, லாத்தா என்பார்கள்; அண்ணனை நானா என்பார்கள். பழகிப் பழகி எனக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது.

அவர் பிறந்தது கற்பிட்டியில். நுரைச்சோலை முஸம்மிலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். முஸம்மில் நானா கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து முதுகை முறித்துக்கொண்டபின் ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்க முடியாது. அப்ரா என்று ஒரே மகள். சுல்பா தாத்தா வெங்காயத் தோட்டங்களில் களை பிடுங்கினார். இறால் பண்ணையில் ஐஸ் கட்டி உடைத்தார். பண்ணையை மூடிவிட்டுப் போனார்கள். அப்போதுதான் இந்தப் பூங்கா திறந்தது. கூட்டித் துடைக்கிற வேலைக்கு வந்து சேர்ந்தார்.

அந்தப் பூங்காவை நடத்தியவர்களின் மூளையைப் பற்றி நான் சொல்லியே ஆகவேண்டும். காற்றுக்காகவே வெள்ளைக்காரர் விமானம் ஏறி வந்து, பட்டத்தில் தொங்கிக் கடலில் சறுக்குகிற இடம் எங்களுடையது. அங்கே கொண்டுவந்து ஒரு பெரிய இராட்டினத்தை நட்டார்கள். கச்சான் காற்றுத் தொடங்கினால் மாதக் கணக்கில் அது அசையக்கூடாது. 'பராமரிப்பு வேலை நடைபெறுகிறது' என்று ஒரு பலகையைத் தொங்கவிட்டு எல்லோரும் காற்று நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருப்போம். அடுத்ததாக ஆடும் நீரூற்று வந்தது. உப்புக் கிணற்றுத் தண்ணீரை அதற்குள் விட்டார்கள். டிசம்பரில் முதல் நத்தார் வருவதற்கு முன்பே குழாயெல்லாம் துருப்பிடித்து, ஆடாமல் அழுதுகொண்டிருந்தது. பிறகு பிளாஸ்டிக் டைனோசர்கள். வெயிலில் ஒவ்வொன்றின் தலையாக வெடித்து விழ, பிள்ளைகள் அந்தத் தலைகளை உருட்டி விளையாடினார்கள். உண்மையில் அதுதான் நல்ல விளையாட்டாக இருந்தது. அதையும் பிடுங்கி வைத்துவிட்டார்கள்.

நாடே இருட்டில் கிடந்த அந்த வருஷம் பனி அறை திறந்ததை எந்தக் கணக்கில் சேர்ப்பது? வாசலில் நின்றால் அனல்மின் நிலையத்தின் புகைக்கூண்டு தெரிகிறது. ஆனால் கரண்ட் இல்லை. பனி பார்க்கப் போன சனம் முழங்கால் தண்ணீரில் நின்று, வேர்த்து வழிந்து, ஏசிக்கொண்டு வெளியே வந்தது. அந்த ஏச்சையெல்லாம் வாங்குவது யார்? கொழும்பில் இருக்கும் முதலாளியா? டிக்கெட் கிழிக்கும் மெரினாதான்.

இத்தனை மாற்றத்திலும் நின்று பிடித்தது பேய் வீடு ஒன்றுதான். அது நின்றது சுல்பா தாத்தாவால்.

தொடக்கத்தில் அதில் மோகினியாக நின்றது சிலாபத்திலிருந்து வந்த ஒரு பொடியன். வெள்ளைச் சேலையும் நீளமான சடையும் கட்டிக்கொண்டு கத்துவான். கத்திக் கத்திக் குரல் கட்டிப்போய் ஒருநாள் வராமலே விட்டுவிட்டான். பெருக்கிக்கொண்டிருந்த சுல்பா தாத்தாவைப் பிடித்துச் சேலையைச் சுற்றி உள்ளே உட்கார வைத்தார்கள். பகல் நேரம் கூட்டம் இல்லை என்று நினைத்து, அவர் இருட்டு மூலையிலேயே சோற்றுப் பார்சலைப் பிரித்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து நான் வென்னப்புவப் பக்கத்து இளைஞர் கூட்டம் ஒன்றை உள்ளே விட்டுவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் சாப்பிடும்போது யார் வந்தாலும், தெரிந்தவரோ தெரியாதவரோ, சாப்பிடக் கூப்பிடாமல் வாயில் சோறு வைக்கமாட்டார்கள். வருகிறவர் 'இல்லை, இப்பத்தான் சாப்பிட்டேன்' என்பார். அது வேறு கதை. கூப்பிடுவது கூப்பிடுவதுதான். கட்டைக் காற்சட்டைகளோடு ஆறேழு இளைஞர்கள் இருட்டில் தட்டுத் தடவி வருவதைக் கண்ட தாத்தா, தான் மோகினி என்பதை அடியோடு மறந்துவிட்டு, கையில் உருட்டிய சோறோடு அமைதியாகச் சொல்லியிருக்கிறார்.

"வாங்கோ தம்பிமார், சோறு தின்னுவம்."

நான் வாசலில் நின்றேன். உள்ளிருந்து வந்த அந்த அலறலைப் போல அதற்கு முன் கேட்டதில்லை. சுவரில் ஒரு பலகை உடைந்தது. ஓடி வந்தவர்களில் ஒருத்தன் ஒற்றைச் செருப்போடு கேட்டைத் தாண்டித்தான் நின்றான். மற்றச் செருப்பை எடுக்க வரவே இல்லை.

தாத்தா பயந்து போய் வெளியே வந்தார். கையில் சோறு அப்படியே இருந்தது.

"நான் ஒண்டும் செய்யல்ல புள்ள. தின்னத்தான் கூப்புட்டன்."

"ஏன் தாத்தா கூப்பிட்டீங்க?"

"தின்னக்குள்ள ஆள் வந்தா கூப்புடாம ஈக்க ஏலுமா?"

நான் சிரித்த சிரிப்பில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அந்தக் கிழமையிலிருந்து அவர்தான் நிரந்தரப் பேய். சோற்றுப் பேய் என்று பெயர் பரவியது. சிலாபத்திலிருந்தும் ஆனமடுவயிலிருந்தும் கேட்டு வந்தார்கள். சிங்களச் சனம் வந்தால் சிங்களத்தில் கூப்பிடுவார். கத்தவேமாட்டார். எல்லா எலும்புக்கூடும் தாண்டி, இனி ஒன்றும் இல்லை என்று மூச்சு விடுகிற கடைசி வளைவில், காதோடு காதாக அந்த ஒரு வார்த்தை. எத்தனை பெரிய சண்டியனும் நாலு கால் பாய்ச்சலில் வெளியே வருவான்.

அதில் அவருக்கு ஒரு கண்டிப்பு இருந்தது. சின்னப் பிள்ளைகளை வெருட்டமாட்டார். வரிசையில் சிறிசுகள் போனால் நான் வாசல் பலகையில் விரலால் தட்டுவேன். அவர் உடனே திரைக்குப் பின்னால் போய்விடுவார். 'புள்ளையளுக்குப் பயம் காட்டிச் சம்பாதிச்சா அது எனக்குச் செமிக்காது' என்பார். பிள்ளைகள் போனபின் மறுபடி தட்டுவேன். எங்கள் இருவருக்கும் இடையே இருந்த ஏற்பாடு இது. யாரும் சொல்லித் தந்ததில்லை.

பூங்காவில் சாமான் மாற மாற அவரையும் மாற்றினார்கள். மோகினி மாளிகை பழசாகிவிட்டது என்று சொல்லி அதைச் செத்தவர்களின் ஆஸ்பத்திரி ஆக்கினார்கள். தாத்தா இரத்தம் பூசிய நேர்ஸ் உடுப்பில் நின்றார். பிறகு ஒல்லாந்தர் கோட்டை. தொப்பியும் குடை போல விரிந்த பாவாடையுமாக ஒல்லாந்துச் சீமாட்டியின் ஆவியானார். அந்தத் தொப்பியை வைத்துக்கொண்டு கண்ணாடி பார்த்து, "முஸம்மில் கண்டா என்னைய விட்டுட்டு ஓடிருவாரு" என்று விழுந்து விழுந்து சிரித்தவர் அவர். எந்த உடுப்பையும் மாட்டேன் என்று அவர் சொன்னதில்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். பிடிவாதக்காரி, திமிர் பிடித்தவள் என்று பிறகு அவரைப் பற்றிக் கதைத்த வாய்கள் இருக்கின்றன. அந்த வாய்களுக்காகச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். சொல்லாமல் விட்டால் என் கோபம் எங்கிருந்து வருகிறது என்று விளங்காது. முஸ்லிம் தீவிரவாதிகள் சிலர் தேவாலயங்களில் குண்டு வெடிக்க வைத்த 2019ஆம் வருஷத்து ஈஸ்டர் ஞாயிறு எங்கள் கரை முழுவதும் ஒப்பாரி வைத்த நாள். எங்கள் உறவிலும் சாவு விழுந்தது. அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் கறுப்பு உடுப்பில் ஒரு பெண் பஸ்ஸில் ஏறினால் பக்கத்துச் சீட் காலியாகிவிடும். கடை வாசலில், ஆஸ்பத்திரி வாசலில், அவர்களை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்டார்கள். எங்கள் ஆட்களும்தான் முறைத்தார்கள். அந்த நேரத்தில் சுல்பா தாத்தா தன்னுடைய அபாயாவை உடுத்துக்கொண்டு, ஒரு சட்டிச் சோற்றைத் துணியில் கட்டி, நுரைச்சோலையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். பஸ்ஸில் ஏற்றவில்லை என்று பாதித் தூரம் நடந்தே வந்திருக்கிறார். எங்கள் ஒழுங்கையில் இரு பக்கமும் ஆட்கள் நின்று பார்த்தார்கள். ஒருவர் காறித் துப்பினார். அவர் குனிந்த தலையோடு வந்து, என் அம்மாவின் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "தின்னுங்கோ லாத்தா. கொஞ்சம் தின்னுங்கோ" என்று மட்டும் சொன்னார். மூன்று நாளாகப் பட்டினி கிடந்த அம்மா அவர் கையால்தான் ஒரு வாய் சாப்பிட்டார்.

அந்த உடுப்பைப் பார்த்துப் பயப்பட யாருக்காவது காரணம் இருந்தது என்றால், அது எங்கள் வீட்டுக்குத்தான் இருந்தது. நாங்கள் பயப்படவில்லை. கொழும்பிலிருந்து குளிரூட்டிய வாகனத்தில் வந்திறங்கிய ஒருவருக்கு மட்டும் அது எப்படிப் பேயாகத் தெரிந்தது?

போன வருஷம் வந்தார் அந்தப் புது மெனேஜர். பல நாடுகளில் பூங்கா பார்த்தவராம். வந்த கிழமையே, பேய் வீட்டில் பயம் போதாது என்றார். ஒல்லாந்துப் பாவாடை கறையான் தின்று கிழிந்திருந்தது. புது உடுப்புத் தைக்கவேண்டும் என்று சுப்பவைசர் றிஸ்வி சொல்லிக்கொண்டிருந்தபோது, சுல்பா தாத்தா பஸ்ஸிலிருந்து இறங்கி ஊழியர் வாசலால் உள்ளே வந்தார். வழமை போல அபாயாவும் தலையில் கறுப்புத் துண்டும். முகம் மூடுகிற வழக்கம் அவருக்கு இல்லை. மெனேஜர் அவரை மேலும் கீழும் பார்த்தார். கையைத் தட்டினார்.

"பேர்ஃபெக்ட்! இதுதான் வேணும்!"

மெனேஜர் தன்னைப் பாராட்டுகிறார் என்று நினைத்துத் தாத்தா சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் பொறுக்க முடியவில்லை.

"உங்களுக்கு கொஸ்டியூமே தேவையில்ல. உங்கட உடுப்பே போதும். முகத்தையும் மூடிக்கொள்ளுங்க. கண் மட்டும் தெரியட்டும். இந்த நாட்டில இதைவிட ஆக்கள் பயப்படுறது வேற என்ன இருக்கு?"

தாத்தாவின் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"சேர், வேற கறுப்புத் துணி ஒண்டு தாங்கோ. கிழிஞ்ச சீலை எண்டாலும் பரவால்ல. இது நான் மையத்து ஊட்டுக்கும் கலியாண ஊட்டுக்கும் உடுத்துற உடுப்பு."

"அதுதான் வேணும். அசல் மாதிரி இருக்கணும்."

"அசல் மாதிரி இல்ல சேர். அசலே இதுதான்."

மெனேஜருக்கு அது நகைச்சுவையாகப் பட்டது. சிரித்துவிட்டுப் போனார். விருப்பமில்லை என்றால் பேய் வீட்டை மூடிவிட்டு மறுபடி பனி அறை திறப்பதாகவும், பனி அறைக்கு ஆள் தேவைப்படாது என்றும் பிறகு றிஸ்வி வாயால் சொல்லி அனுப்பினார்.

மெனேஜர் மேல் எனக்குள்ள கோபத்தை விட றிஸ்வி மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். அவன் தாத்தாவுக்கு அடுத்த ஒழுங்கைக்காரன். அவர் மடியில் உட்கார்ந்து சோறு தின்றவன். அவன் வந்து, கழுத்தில் தொங்கிய அட்டையைத் திருகிக்கொண்டு சொல்கிறான்:

"தாத்தா, கொஞ்சம் பாத்துச் செய்யுங்கோவன். சும்மா நடிப்புத்தானே."

நான்தான் கேட்டேன். "றிஸ்வி, உம்மட உம்மா என்னத்த உடுத்திட்டு ஆஸ்பத்திரிக்குப் போறவ?"

"நீங்க இதுல தலையிட வேணாம் மெரினா."

"போற வழியில இந்த வாசலால கூட்டிட்டு வாரும். உம்மட மெனேஜர் அவவுக்கும் ஒரு வேலை குடுப்பார்."

அவன் முகம் கறுத்தது. ஆனால் மெனேஜரிடம் போய் ஒரு வார்த்தை பேசினானா? இல்லை. தாத்தாதான் என் கையைப் பிடித்து இழுத்தார். முஸம்மில் நானாவின் முதுகும் அப்ராவின் உயர்தரப் பரீட்சையும் அவருக்கு முன்னால் நின்றன. "உடு புள்ள. கொஞ்ச நாளைக்குத்தானே" என்றார். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

போஸ்டர் எழுந்தது. மறுநாளே அப்ரா கற்பிட்டி வகுப்பிலிருந்து பஸ்ஸில் வரும்போது அதைக் கண்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்து புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் கேட்டாளாம்.

"உம்மா, அது நீங்களா?"

"இல்ல மகள்" என்று சொல்லிவிட்டார். என்னிடம் வந்து அதைச் சொல்லி அழுதார். பேயாக இருக்கிறவர் பொய் சொன்னதற்காக அழுதார். அந்தப் பொய்யால் பயனும் இல்லை. அந்தக் கிழமைக்குள்ளேயே பஸ்ஸில் அப்ராவும் கூட்டாளிப் பெண்களும் ஏறும்போது பின் சீட்டுப் பொடியன்கள் 'ஊ' என்று ஊளையிடத் தொடங்கிவிட்டார்கள். ஒருத்தன் நகம் போல விரலை வளைத்துக் காட்டினானாம். அப்ரா வகுப்புக்குப் போகமாட்டேன் என்று வீட்டில் இருந்துவிட்டாள். படித்து ஆளாக வேண்டிய பிள்ளை. சும்மா விளையாட்டு என்று சொன்னவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

கறுப்பு மாளிகையை எப்போது திறந்தார்கள் தெரியுமா? ஹஜ்ஜுப் பெருநாளன்று. விடுமுறை, கூட்டம் வரும் என்பது மட்டும்தான் மெனேஜருக்குத் தெரிந்தது. வருகிற கூட்டம் யார் என்று யோசிக்கவில்லை. கச்சான் காற்று வீசியது, இராட்டினம் ஓடவில்லை. புத்தளத்திலிருந்தும் கற்பிட்டியிலிருந்தும் வந்த குடும்பங்கள் எல்லாம் என் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றன. வரிசையில் பெண்களில் பாதிப் பேர் கறுப்பு அபாயாவில். புது உடுப்பு, அத்தர் வாசம். அவர்களுடைய தலைக்கு மேல் வாசலில் அதே உடுப்பில் சிவப்புக் கண்ணோடு அந்தப் படம். சிலர் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பேசாமல் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு திரும்பினார்கள். சிலர் ஒன்றும் நடக்காதது போலச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பும் எனக்குப் பழக்கமான சிரிப்புத்தான். தாத்தாவின் முகத்தில் நின்ற அதே சிரிப்பு.

கைக்குழந்தையோடு நின்ற ஒரு தாய், தன் மகளைப் பெரிய பொடியன்கள் இரண்டு பேரோடு உள்ளே அனுப்பினாள். நாலு, ஐந்து வயது இருக்கும். பொன் சரிகை வைத்த சட்டை, கை நிறைய மருதோன்றி. "சின்னப் பிள்ளை, வேணாம்" என்றேன். பிள்ளை அந்த மச்சான்மாரின் கையைப் பிடித்துக்கொண்டு அடம்பிடித்தது. பலகையில் தட்டக்கூடாது என்று மெனேஜர் தடை போட்டிருந்தார். நான் தட்டினேன். விரலால் தட்டி, பிறகு கையை மடக்கியும் குத்தினேன். புதிதாகப் பூட்டிய ஸ்பீக்கர்கள் உள்ளே போட்ட கூச்சலில் அது யாருக்குக் கேட்கப்போகிறது?

கொஞ்ச நேரத்தில் வெளி வாசலால் பொடியன்கள் இரண்டு பேரும் பாய்ந்து வந்தார்கள். பிள்ளை வரவில்லை.

"எங்கடா தங்கச்சி?" என்று தாய் கத்தினாள். அவர்கள் உள்ளே கை காட்டினார்கள். நான் கவுண்டரை விட்டு எழும்பி ஓடினேன். கறுப்புத் திரையை விலக்கப் போனபோது அது தானாக விலகியது.

சுல்பா தாத்தா வெளியே வந்தார். வெளிச்சத்துக்கு, எல்லோருக்கும் முன்னால், நுழைகிற வாசலால். முகத் துணி கழுத்துக்கு இறங்கியிருந்தது. ஒரு கையில் நகம் வைத்த உறை இன்னும் இருந்தது. அந்தக் கையைப் பிள்ளையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் பிள்ளையை இடுப்பில் அணைத்திருந்தார். பிள்ளை அவர் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு அபாயாவுக்குள் முகத்தைப் புதைத்திருந்தது.

உள்ளே நடந்ததைப் பிறகுதான் சொன்னார். எலும்புக்கூடு விழுந்ததும் பொடியன்கள் பிள்ளையை விட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள். பிள்ளை இருட்டில் அங்கும் இங்கும் ஓடி, மூலையில் கறுப்பு உடுப்பில் நின்ற ஒரு பெண்ணைக் கண்டிருக்கிறது. உடனே ஓடிப்போய் அந்த உடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டது. பிறந்ததிலிருந்து அதற்குப் பயம் வந்தால் ஓடிப்போய் முகம் புதைக்கிற உடுப்பு அதுதானே.

மெனேஜர் அலுவலகத்திலிருந்து பாய்ந்து வந்தார். "ஏன் வெளிய வந்தீங்க? பேய் வெளிய வந்தா எல்லாம் போச்சு! மூடுங்க முகத்த! உள்ளுக்குப் போங்க!" றிஸ்வி பின்னாலேயே வந்து பிள்ளையை வாங்கக் கை நீட்டினான். பிள்ளை அவனிடம் போகவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்தது.

"நான் போக மாட்டன் சேர்" என்றார் தாத்தா. குரல் உயரவில்லை.

"அப்ப நாளைக்கு வரத் தேவையில்ல."

"ஓம்."

பிள்ளையின் தாய் கைக்குழந்தையோடு ஓடி வந்து முன்னால் நின்றாள். அவளும் அதே கறுப்பு அபாயா. பிள்ளை தலையைத் தூக்கி இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. தாயிடம் தாவிப் போகும் என்று நினைத்தேன். போகவில்லை. தாத்தாவின் கழுத்தை விடாமலேயே தாயின் காதில் சொல்வது போல, ஆனால் வரிசை முழுவதற்கும் கேட்கும்படி சொன்னது.

"உம்மா, உள்ளுக்குப் பேயெல்லாம் ஈக்கிது. இந்த மாமி அதுக்குள்ள தனிய ஈந்தாங்க. பாவம் உம்மா. நம்மட ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போவம்."

தாய் நிமிர்ந்து போஸ்டரைப் பார்த்தாள். தாத்தாவின் தூக்கிப் பிடித்த கையைப் பார்த்தாள். அந்த உறையைப் பிடித்து, ஒவ்வொரு விரலாக, அவளே மெதுவாகக் கழற்றினாள். கழற்றி என் கவுண்டரில் வைத்துவிட்டு, தாத்தாவின் வெறுங்கையைப் பிடித்தாள்.

"வாங்கோ தாத்தா" என்றாள். "ஊட்டுல பெருநாள் சோறு ஈக்கிது. வாங்கோ, தின்னுவம்."

எத்தனையோ பேரை அலறி ஓட வைத்த அந்த வார்த்தையைக் கேட்டுச் சுல்பா தாத்தா விம்மி விம்மி அழுதார். பிறகு பிள்ளையை இடுப்பில் சரிசெய்துகொண்டு அவர்களோடு கேட்டைத் தாண்டிப் போனார். வரிசையில் நின்ற கறுப்பு உடுப்புப் பெண்கள் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். நான் கவுண்டரை இழுத்துப் பூட்டி, சாவியை றிஸ்வியின் கையில் கொடுத்தேன்.